கீரிக் கடற்கரையில் முந்தக்கூடாத கார்

கீரிக் கடற்கரையில் மோட்டார்சைக்கிள் பந்தயம். முதற் சுற்றில் முன்னால் போகும் பழைய நீலக் காரை ஓட்டுகிற மரியாதை விருந்தாளியான எனக்கு. கார் விலகும்வரை எவரும் முந்தக்கூடாது. துருவிலிருந்து அதை மீட்டெடுத்த மரிசால் அண்ணை பக்கத்தில் இருக்கிறார். கடல் எங்களோடு ஓடிவருகிறது.

சுற்று முடிய விலகப் பார்க்கிறேன். அண்ணை தடுக்கிறார்.

“அங்கால பூமணல், புதைஞ்சுபோகும். நேர விடுங்கோ.”

இரண்டாம் சுற்றில், விலகும் இடத்தில் கழுதைகள் நிற்பதாகச் சொல்கிறார். பின்னால் உறுமலும் வசவும்.

“இப்ப விலகட்டோ அண்ணை?”

“பொறுங்கோ! இதைக் கோழிக்கூடாக்கச் சொன்ன என்ர மனுசி இப்பத்தான் வந்து நிக்கிறா.”

மூன்றாம் சுற்றில் அந்த அக்காவே குடையை நீட்டி மறிக்கிறார். நிறுத்துகிறேன். காரைச் சுற்றிப் பார்த்தவர், பின்கதவைத் திறந்து ஏறுகிறார்.

“கோயிலடியில இறக்கிவிடுங்கோ தம்பி. மெதுவாப் போங்கோ, சனம் பாக்கட்டும்.”