பரீதா டீச்சர் வென்ற வாக்கெடுப்பு

"சேர், நம்ம பரீதா டீச்சர் போயிட்டாங்க" என்று மேல்வீட்டுச் செல்வம் காலையில் தொலைபேசியில் அழுதார். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. ஜனாஸா ஊர்வலத்துக்கு அம்பிட்டிய மலைப்பாதை முழுக்கச் சனம் நிற்குமே, என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்ற எரிச்சல்தான். அவரை அறிந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

மலைச்சரிவில் ஏறும் எங்கள் ஒழுங்கையின் மேல்வீடுகளில் சில வருடங்களுக்கு முன்வரை தண்ணீர் கிடையாது. செல்வத்தின் மனைவி கீழே மலையூற்றுப் பீலியிலிருந்து குடம் சுமந்துதான் சமைத்தார். குடிநீர்த் திட்டம் வேண்டுமானால் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் நேரில் வந்து 'வேண்டும்' என்று வாக்களிக்க வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். பிரசாரத்துக்கு நான்தான் தலைவர். ஓய்வுபெற்ற பொறியியலாளர் அல்லவா! துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி, வரைபடம் என்று ஒன்றும் குறைவில்லை. போன வீட்டிலெல்லாம் பிளேன்டீ தந்து, "கட்டாயம் வாறோம் சேர்" என்றார்கள். அத்தனையையும் வாக்காக எண்ணிக்கொண்டேன். வாக்கெடுப்பு நாளில் பாதி வீடுகூட வரவில்லை.

மறுபடி வாக்கெடுக்க அதிகாரிகள் இன்னும் ஒரே ஒரு தவணை தந்தார்கள். அதிலும் தோற்றால் திட்டம் தெல்தெனியப் பக்கம் போய்விடும். குழு என்னை விலக்கிவிட்டுப் பரீதா டீச்சரைத் தலைவராக்கியது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுசிக்கு இதில் என்ன தெரியும் என்று குமைந்தேன்.

அவர் ஒலிபெருக்கியைத் தொடவேயில்லை. ஒரு கொப்பி, ஒரு குடை, அவ்வளவுதான். "வேணாம்னு செல்றவங்க எப்படியும் வருவாங்க சேர். ஆமான்னு செல்ற ஊட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகணும்" என்பார். பிளேன்டீ குடித்த கையோடு எழும்பமாட்டார். "வாறது யாரு? எத்தன மணிக்கு? அந்த நேரம் புள்ளய யாரு பாக்குற?" எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கொப்பியில் எழுதுவார். பிள்ளை பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு ஆளும் பிடித்துக் கொடுத்தார். இது எனக்கேன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. போதாததற்கு என் மனைவி, "சனம் உங்களுக்குக் கை தட்டினது, அவவுக்கு வோட்டுப் போடப் போகுது, பாருங்கோ" என்றாள்.

என் வீட்டுக்கும் மூன்று தரம் வந்தார். "ஓம் டீச்சர், கட்டாயம் வாறன்" என்றேன். சொன்னபடி போனேன். போய் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

வாக்குச் சீட்டுகளை எல்லோர் முன்னாலும் அவரே விரித்து வாசித்தார். மேசையில் கட்டியிருந்த நீலப் பேனையால் ஊரே எழுதியிருந்தது. என் சீட்டில் மட்டும் உத்தியோகக் காலத்திலிருந்து நான் விடாத பச்சை மை. அதை விரித்ததும் ஒரு கணம் நிறுத்தி, பச்சைப் பேனை செருகியிருந்த என் சட்டைப்பையைப் பார்த்தார். "வேண்டாம்" என்று வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். திட்டம் வென்றது. சனம் அவரைச் சூழ்ந்துகொண்டபோது, "மொதல்ல வழி வெட்டினது நம்ம சேர்தான். அவருக்குக் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். நான் கூசிப்போய் நின்றேன்.

கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. செல்வத்தின் மனைவி இன்று வீட்டுக் குழாயைத் திறந்து சமைக்கிறார்.

டீச்சர், உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கைதட்டல்தான். எனக்கு உரியதல்ல என்று நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது, இன்று ஊருக்கே சொல்லிவிட்டேன். அந்தச் சீட்டு உங்களுடையதாக இருந்து, வாசித்தது நானாக இருந்திருந்தால், அன்றைக்கே ஊருக்குக் காட்டிக்கொடுத்திருப்பேன். அதை நினைக்கும்போதுதான் உங்கள்மேல் எனக்கு உண்மையான பொறாமை வருகிறது.