பேரரசருக்கு நரைப்பதில்லை

வின்டர்தூர் நகரத்து நாணயக் காட்சிக்கூடம். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்திருக்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோமப் பேரரசர்கள் பக்கவாட்டில் முகம் காட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அகஸ்டஸ் நல்ல கிழவராகித்தான் செத்தார். ஆனால் கடைசிக் காலத்துக் காசிலும் கன்னம் வழுவழுவென்று இளந்தாரியாகவே இருக்கிறார். நரைக்கு அரண்மனைக்குள் அனுமதி கிடைக்கவில்லை போலும்!

என்னைக் கூட்டிவந்த தேவன் இங்கே ஓர் உணவகத்தில் சமைக்கிறார். ஊர் திரும்பும் என்னிடம், அங்கே பேசியிருக்கும் பெண்வீட்டாருக்குக் கொடுக்கச் சொல்லிக் காலையில் தன் படம் ஒன்றைத் தந்தார். படத்தில் அடர்ந்த சுருட்டை முடி. இப்போது என் பக்கத்தில் நிற்பவருக்கோ நெற்றி உச்சிவரை போய்விட்டது.

அடுத்த காசில் வெஸ்பாசியன். வழுக்கை, கழுத்து மடிப்பு, எதையும் மறைக்கவில்லை. நான் படத்தைத் தேவனிடமே திருப்பி நீட்டுகிறேன்.

“தம்பி, இவரைப் பாரும். மொட்டையோடையே அரசாண்டிருக்கிறார். நீர் புதுப்படம் எடுத்துத் தாரும். இதை நான் கொண்டு போகமாட்டன்.”

“அவருக்குப் பின்னால படை நிண்டது அண்ணை. எனக்குப் பின்னால சட்டிதானே நிக்குது? இந்தச் சம்பந்தமும் குழம்பினா இனி ஆர் பொம்பிளை தருவினம்?”

“அவ வந்து இறங்கினாத் தெரியாதோ?”

சிரித்தபடி பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டுகிறார். இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடச் சீருடை.

“இவவுக்கு இப்ப முப்பத்தாறு, அண்ணை.”

நான் சுருட்டை முடியைப் பைக்குள் பத்திரப்படுத்துகிறேன். விமான நிலையத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் தேடட்டும்.