மூன்றாம் வரிசைக்குக் காற்று வரவில்லை

ஊதுபத்திப் புகை ஆடாமல் அசையாமல் நேரே மேலே ஏறுவதைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பக்தி வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். அங்கே காற்று செத்துக் கிடக்கிறது, எங்கேயோ அடைத்திருக்கிறது, போய்ப் பார் என்று அதற்கு அர்த்தம். எழுபதுகளில் அபுதாபிக்கு எதிரே இருந்த ஒரு மணல் தீவில், வெள்ளரிச் செடிகளுக்கு நடுவே, ஒரு கையில் ஊதுபத்தியும் மறு கையில் ஸ்பேனருமாக நான் நின்ற காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என்னை விட்டால் இந்த வளைகுடாவிலேயே புத்திசாலி கிடையாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழ அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் அங்கே ஃபேன் மெக்கானிக். நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரன், ஐடிஐ முடித்தவன். அக்காவைக் கட்டியிருந்த அத்தான்தான் எனக்கு விசா வாங்கிக் கொடுத்து அந்தத் தீவுக்கு வரவழைத்தார். மண்ணே இல்லாத இடத்தில் காய்கறி விளைவிக்கும் சோதனைப் பண்ணை அது. கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கி, அதில் உரத்தைக் கரைத்து, வெறும் மணலில் நிற்கும் செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். செடிகள் இருந்தது பெரிய பெரிய பாலித்தீன் கூடாரங்களுக்குள். கூடாரத்துக்குத் தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. ஒரு முனையில் ஈரத் தட்டிகள் வழியாக ஃபேன்கள் ஓயாமல் காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருக்கும், அந்தக் காற்றின் பலத்தில்தான் கூரையே நிற்கும். அதனால் வாசலுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்து, இடுக்குக்குள் நின்று, அதைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய அந்த இடுக்கில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நிற்பேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்கும்.

வெளியே வந்தாலும் அதே கதைதான். சுற்றிலும் கடல். படகு வெள்ளிக்கிழமை மட்டும். பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில். வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் தகர ரூமில் ஒரு ஃபேன், அதுவும் நான் ரிப்பேர் செய்தால்தான் ஓடும். ஆனால் வெள்ளரிக்கு மட்டும் குளுகுளு காற்று. "வெள்ளரிக்காயாப் பொறந்திருக்கலாம்டே, லீவு கேக்க வேண்டிய தொல்லையும் இல்ல" என்பார் அத்தான். சிரிப்பேன். அவர் லீவைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு உறைத்ததே இல்லை.

அவருக்கு இரண்டு வருஷம் முடிந்து லீவு கிடைத்திருக்க வேண்டிய நேரம் அது. பண்ணையின் பெரியவர், பயிர்ப் படிப்பு படித்த வெள்ளைக்காரர், டாக்டர் என்று கூப்பிடுவோம், அவர் விடவில்லை. பாலித்தீன் கிழிந்தால் ஒட்டுப்போடுவது அத்தானின் வேலை. மீன்வலை பின்னிய கை. அவர் ஒட்டினால் ஒட்டினது தெரியாது. அப்படி ஒட்ட இன்னொரு ஆள் அங்கே இல்லை. சீசன் முடியட்டும் என்றார் டாக்டர், அடுத்த மாதமும் அதையே சொன்னார். வேலை வேண்டாம் என்று நாமாகச் சொல்லிவிட்டு வரவும் முடியாது. அவர்களாக விசாவை கேன்சல் செய்தால்தான் பாஸ்போர்ட் கைக்கு வரும். எங்களுக்கெல்லாம் கேன்சல் என்றால் வேலை போய்ப் படகேறுவது, அந்தச் சொல்லை வாயால்கூடச் சொல்ல மாட்டோம். அதை விரும்பி எதிர்பார்க்கிற ஒரு மனிதன் இருப்பான் என்று எவனுக்குத் தோன்றும்?

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கூடாரத்தில் மூன்றாம் வரிசை மட்டும் படுத்தது. ஒன்றாம் வரிசையும் இரண்டாம் வரிசையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரையைத் தொட ஏற, மூன்றாம் வரிசை இடுப்பளவோடு நின்றுவிட்டது. இலை ஓரம் கருகிச் சுருண்டது, மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது, காய் அரிவாள் மாதிரி வளைந்தது. டாக்டர் உரத் தண்ணீரைச் சோதித்தார், சரியாக இருந்தது. சொட்டுக் குழாய்களைக் கழற்றிக் கழுவினோம், அடைப்பில்லை. விதையை மாற்றி நட்டும் அதே கதி. கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. ஃபேன் சரியில்லை என்றார் டாக்டர். எனக்கு வந்ததே கோபம்! பெல்ட்டைப் பார்த்தேன், இறக்கையைப் பார்த்தேன், தட்டியில் ஈரம் பார்த்தேன். என் ஃபேன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. "விடுடே, செடிதானே" என்று அத்தான் சமாதானம் சொன்னார். "அதெப்படி விடுறது? என் வேலையத்தானே குத்தம் சொல்லுதான்" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் ஊதுபத்தி யோசனை வந்தது. ரூமில் ஒருவர் முருகன் படத்துக்கு வைத்திருந்த பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போனேன். ஒவ்வொரு வரிசைக்கு மேலேயும் நீளமாக ஒரு பாலித்தீன் குழாய் தொங்கும், அதில் சாணுக்குச் சாண் ஓட்டை. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் குளிர்ந்த காற்று செடி மேல் இறங்கும். முதல் இரண்டு வரிசையில் புகை தலை தெறிக்க ஓடியது. மூன்றாம் வரிசையில் அசையாமல் மேலே போய்க் குழாயில் முட்டி நின்றது. ஏணி போட்டு ஏறி விரலால் தடவினேன். ஓட்டை இருக்க வேண்டிய இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிய ஒட்டு, ஒன்று விடாமல்.

ஏணியில் நின்றபடியே கூவினேன். டாக்டர் ஓடி வந்தார், தோட்ட வேலைக்காரர்கள் வந்தார்கள், அத்தானும் வந்தார். ஒவ்வொரு ஒட்டாகப் பிய்த்துக் காட்டி, "எந்த மடையனோ காத்து வாற ஓட்டையக் கிழிசல்னு நெனச்சு ஒட்டி வச்சிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். ஒட்டுகிற வேலை அவருக்கு மட்டும்தானே. அவர் கொஞ்சமும் பதறாமல், "நான்தான் ஒட்டினேன்" என்றார்.

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. ஒரு சீசன் பாழ் என்று கத்தினார். இந்த ஆளை கேன்சல் செய்யுங்கள், வெள்ளிக்கிழமைப் படகில் ஏற்றுங்கள் என்று கூட வந்த ஆபீஸ் கிளார்க்கிடம் சொன்னார். அத்தான் குனிந்து தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஏணியிலிருந்து குதித்தேன். எங்கிருந்துதான் அந்த இங்கிலீஷ் வந்ததோ! "மை சிஸ்டர் ஹஸ்பெண்ட் சார், குட் மேன் சார், மிஸ்டேக் சார், ப்ளீஸ் நோ கேன்சல் சார்" என்று டாக்டரின் கையைப் பிடித்தேன். அழுதேன். வெட்கமில்லாமல் காலைத் தொடப் போனேன். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கினார். பிறகு என்னையும் என் ஊதுபத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. பழுதைக் கண்டுபிடித்தவன் நீ, உனக்காக விடுகிறேன் என்றார். இவன் ஒட்டியதை இவனே பிய்க்கட்டும், சீசன் முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டை மறுபடியும் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ரூமில் அவர் என் முன்னால் ஒரு கடிதத்தை வைத்தார். அத்தான் வளைகுடா வந்த பிறகு அக்காவுக்குப் பிறந்த குழந்தை ஒன்றரை வயதில் செத்துப்போனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் பாயை விட்டு எழுந்திருக்காமல், யாரோடும் பேசாமல் கிடப்பது எனக்குத் தெரியாது. எனக்கு வந்த கடிதங்களில் எல்லோரும் சுகம் என்றுதான் அப்பா எழுதியிருந்தார். அத்தானுக்கு வந்ததில் அக்கா கையெழுத்தில் ஒரே வரி. 'நீங்க வந்தாத்தான் நான் எந்திப்பேன்.'

அதை இரண்டு தடவை படித்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீ டாக்டர் சட்டையப் பிடிச்சிருப்பல்லா? ஒன்னையும்லா அனுப்பிருப்பான்" என்றார். தந்தி கொடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அங்கே லீவு வேண்டியவன் எல்லாம் ஊரிலிருந்து 'தாய் சீரியஸ், உடனே புறப்படு' என்று ஒரு பொய்த் தந்தி வரவழைப்பான். கிளார்க்கின் மேஜை இழுப்பறை நிறைய அந்தத் தந்திகள்தான், ஒன்றையும் எவனும் நம்ப மாட்டான். "நம்பினாலும் வேண்டாம்" என்றார் அத்தான். "படுத்துக் கெடக்கவளச் சாகக் கெடக்கான்னு எழுதச் சொல்லவாடே?" செடியை வைத்துப் பொய் சொல்ல அவருக்கு மனம் வந்தது, அக்காவை வைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு வரிசையைக் கெடுத்து, அதை அவர்களாகவே கண்டுபிடித்தால், தப்பாக ஒட்டிய மடையன் என்று திட்டிக்கொண்டே அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நடுவில் நான் வந்து விழுந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பழி மறுபடியும் அத்தான் மேல் விழட்டும், அவரை அனுப்பிவிடட்டும் என்று மறுநாளே மூன்றாம் வரிசையில் நாலைந்து ஓட்டைகளை நானே ஒட்டினேன். அடுத்த காலை டாக்டர் கையில் ஊதுபத்தியோடு வந்தார். என் யோசனை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. புகை நின்ற இடத்தைச் சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டினார், ஒட்டுகளை என்னைக்கொண்டே பிய்க்க வைத்தார். ஒட்டினது யார் என்று கேட்கவில்லை, பழைய ஒட்டு கொஞ்சம் மிச்சமிருந்ததாக நினைத்துக்கொண்டார். அத்தானை ஊருக்கு அனுப்பத்தான் நானே ஒட்டினேன் என்று உள்ளதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். என் பின்னால் நின்ற அத்தான் தோளைப் பிடித்து அழுத்தினார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஊதுபத்தி காட்டிப் பார்ப்பதுதான் டாக்டருக்கு முதல் வேலை. மூன்றாம் வரிசை இருபதே நாளில் மற்றவற்றை எட்டிப் பிடித்தது. அந்தச் செடிகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் போலிருக்கும்.

சீசன் முடிய ஏழு மாதம் ஆயிற்று. படகில் ஏறும் முன் அத்தானிடம், நடந்ததை அக்காவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன். "எதுக்குடே? கோவிச்சுக்க அவளுக்கு நான் ஒருத்தன் போதும். தம்பியும் இல்லாமப் போகணுமா?" என்றார். அவர் போய்ச் சேர்ந்தபோது அக்கா தானாகவே எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாளாம். சோறு பொங்கிப் போட்டாள், பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்றாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் அவரிடம் கடைசிவரை கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை. மறுபடி வளைகுடாவுக்குப் போகாமல் ஊரிலேயே ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தார்.

அத்தான் இறந்து இரண்டு வருஷமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். சாளைமீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, எதற்கோ பேச்சுவாக்கில், நாற்பது வருஷத்துக்கு மேல் வாயே திறக்காத விஷயத்தைத் திறந்தாள்.

"வான்னு எழுதினேன் மக்கா. அந்த மனுசனுக்கு வேலதான் பெருசாப் போச்சு. நீயும் அங்கனதான இருந்த? நான் கெடந்த கெடப்பு ஒனக்குத் தெரிஞ்சிருந்தா, கையக் கால பிடிச்சாவது அவர அனுப்பி வச்சிருப்பல்லா?"

அவள் கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.