திரும்பி வரும் ஓடம்

பேத்தியின் கைபேசியில் ஒரு ராக்கெட் விண்ணுக்குப் போய்த் திரும்பிவந்து கடல்மேடையில் இறங்கியது. எனக்குத் திருகோணமலைச் சித்தியின் மண்ணெண்ணெய் அடுப்பு மணக்கும் குசினி நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் விண்ணோடம் முதன்முதலாகப் பறந்த வருடம் அது; நான் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தப்பா மீன்பிடிக்கப் போன வள்ளம் புயலில் காணாமற்போய்ச் சில மாதங்களாகியிருந்தன. வானொலிச் செய்தியைச் சித்தி தன் ஐந்து வயது மகள் மலருக்கு விளங்கப்படுத்தினார்.

"இது மேல போயிட்டுத் திரும்பி வரும். பிறகும் போகும்."

"அவ்வளவு தூரம் போனதே வருமெண்டால், அப்பா ஏன் வரேல்லை?"

சித்தி அடுப்பைத் தணித்துவிட்டு அவளருகே வந்தார். "அதுக்குக் கீழயிருந்து ஆக்கள் கதைச்சு வழி காட்டுவினம், மகள். அப்பாவோட கதைக்க ஏலாது."

"நான் கதைக்கிறன்" என்று மலர் கடற்கரைக்கு ஓடினாள். தொண்டை கட்டும்வரை அப்பாவைக் கூப்பிட்டாள். அவளைத் தூக்கிவரச் சித்திக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பக்கத்தில் நின்றோம்.