நாடாவில் விழுந்த முடிச்சு

பேருந்துப் பணிமனையின் பின்பக்கம், பழைய டயர் அடுக்கியிருக்கும் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதுதான் அளவக்காவின் தையல் அறை. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. முந்நூறு டிரைவர் கண்டக்டர்களுக்கு இருபத்தாறு வருஷம் சீருடை தைத்ததில் அந்தப் பேர் எங்கேயோ உதிர்ந்துபோய், வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

அந்த அறைச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு நீல நிறப் பேன்ட், இடுப்பு முப்பத்துநான்கு. தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரியும் போட்டாயிற்று. வாங்க வேண்டியவன் வரவில்லை. எட்டு மாதமாகத் தொங்குகிறது. மின்விசிறி சுற்றினால் ஒரு கால் மட்டும் முன்னே வந்து பின்னே போகும், படி இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆளைப் போல. அது அவள் அண்ணனுடையது. அண்ணி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, “இங்கயே இருக்கட்டும்மா. வீட்டுல மாட்டினா நடமாடும்” என்று சொல்லிவிட்டுத் தொடாமலே போனாள்.

அந்தக் குடும்பத்து ஆண்களை வரிசையாகச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தாத்தா ஐம்பதைப் பார்க்கவில்லை. பெரியப்பா நாற்பத்தொன்பதில் சவரம் செய்துகொண்டிருந்தபோதே சாய்ந்தார், பாதி முகத்தில் நுரை காயாமல் இருந்தது. அப்பா ஐம்பத்திரண்டில், ஒரு செருப்பைப் போட்டவர் மறு செருப்பைப் போடவில்லை. எல்லாரும் ஒரே அச்சு. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் பானையைக் கட்டிவைத்த மாதிரி வயிறு. “நம்ம வம்சத்துக்கே நெஞ்சு வீக்கு” என்று வீட்டில் பேசிக்கொள்வார்களே தவிர, வயிற்றை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. கையையும் காலையும் பார்த்தே ஆளை எடை போட்டார்கள். அண்ணனுக்குப் பணிமனையில் பட்டப்பேரே ஒல்லி.

அவள் வேலைக்கு வந்தபோது வயது பத்தொன்பது. கட்டிக்கொண்டவன் ஒரே வருஷத்தில் வேறு ஊரில் வேறு குடும்பமாகிவிட்டான். இந்தப் பணிமனையில் டிரைவராக இருந்த அண்ணன்தான் கூட்டிவந்து தையல் மெஷின் முன்னால் உட்காரவைத்தான். முதல் நாளே வாசலை மறித்து நின்றுகொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

“இங்க பாருங்கப்பா! என் தங்கச்சி சட்டை தைப்பா, பேன்ட் தைப்பா. எவன் இடுப்பையும் சுத்திக் கை போட மாட்டா. டேப்பை வாங்குங்க, நீங்களே சுத்துங்க, நம்பரைச் சொல்லுங்க, நடையைக் கட்டுங்க.”

அண்ணன் அவளுக்குக் கொடுத்த காவல் அது. அன்றிலிருந்து அதுவே அந்த அறையின் சட்டம். அவள் டேப்பைக் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆள் பெல்ட் கட்டுகிற இடத்தில், வயிற்றுக்குக் கீழே, டேப்பைச் சுற்றி நம்பரைச் சொல்வான். அவள் நோட்டில் எழுதுவாள். வருஷத்துக்கு வருஷம் வயிறு முன்னே தள்ளும், பெல்ட் கீழே இறங்கும், நம்பர் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது. தையலுக்கு அந்த அளவு சரிதான். பேன்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

“முப்பத்திநாலு தங்கச்சி, எழுதிக்கோ!” என்பான் அண்ணன்.

“மூச்சை விட்டுட்டுச் சொல்லுண்ணே.”

“மூச்சை விட்டா அண்ணன் எங்க இருப்பேன்?”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். இருபத்தாறு வருஷமும் இதே கேள்வி, இதே பதில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பணிமனையில் உடல்நலப் பரிசோதனை ஆரம்பித்தார்கள். படிவத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டம் இருந்தது. முப்பத்தைந்தரை அங்குலத்துக்கு மேல் போனவர்களை ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. வெளியே முந்நூறு பேர் வரிசை. நர்ஸம்மா அவளிடம் ஓடி வந்து, “அக்கா, எல்லார் இடுப்பும் உங்க நோட்டுலதான் இருக்காமே, கொஞ்சம் குடுங்களேன்” என்று கேட்டாள். அளவக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டுக்குப் புது அட்டை போட்டுக் கொடுத்தாள். அண்ணன் பேருக்கு நேரே முப்பத்துநான்கு ஏறியது. ஒல்லியை ஒருவரும் கூப்பிடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை, நாற்பத்தெட்டு பேர் இருந்த வண்டியை அவன் ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீரிங்கில் தலையை வைத்தான். வண்டியில் ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு பிணவறைக்குப் போனவள் அவள்தான். அவன் மல்லாந்து கிடந்தான். மல்லாந்து படுத்தால் சதை இரண்டு பக்கமும் சரியுமே, அது அவளுக்கே தெரியும். அவன் வயிறு சரியவில்லை. கல்லைப் போல மேலே நின்றது. பையில் டேப் இல்லை, ஒரு சுருள் நாடா இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நாடாவை அவன் முதுகுக்கடியில் விட்டு, தொப்புளுக்கு மேலே சுற்றி, முனை வந்து சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து டேப்பில் வைத்தாள். நாற்பது. மூன்று தடவை வைத்தாள். மூன்று தடவையும் நாற்பது.

நர்ஸம்மா விளக்கிச் சொன்னாள். “கிள்ளினா கையில வர்ற கொழுப்பு தோலுக்கடியில இருக்கறதுக்கா, அது அவ்வளவு கெடுதல் பண்ணாது. உள்ள குடலைச் சுத்தி, ஈரல் மேல படியறது இருக்கே, அது கையில சிக்காது. வயித்தைச் சுத்தி அளந்தாத்தான் ஓரளவு தெரியும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இருக்கும். உயரத்துல பாதிக்கு மேல இடுப்பு போகக் கூடாது.” பிறகு, “நானும்தானே அளக்கலை” என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது. யார் டேப்பைச் சுற்றி என்ன நம்பர் சொன்னாலும், அவள் காதில் பின்னாலிருந்து இன்னொரு குரல் விழும். முப்பத்திநாலு தங்கச்சி, எழுதிக்கோ. திரும்பினால் ஆணியில் பேன்ட் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷப் பரிசோதனைக்கான பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும். தொப்புளுக்கு மேலே சுற்றச் சொல்லி எல்லாருக்கும் புதிதாக எழுதிவிட்டாள். “பேன்ட்டை நெஞ்சுல கட்டப்போறியாக்கா?” என்று கேலி பண்ணிக்கொண்டே சுற்றினார்கள். பாக்கி ஒரே ஆள், அவள் தம்பி. அதே பணிமனை, தூர வழி வண்டி, வயது நாற்பத்துமூன்று, அதே அச்சு. வியாழக்கிழமை மத்தியானம்தான் வந்தான். வந்தவன் டேப்பைக்கூட எடுக்கவில்லை.

“முப்பத்திநாலு. எழுதிக்கோ.”

குரலும் அதே குரல். அவள் டேப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

“மேல சுத்துடா.”

“அக்கா, உனக்கென்ன பைத்தியமா? கூட எழுதினா டெஸ்டுன்னு கூப்பிடுவான். டெஸ்டுல எதாவது வந்தா வண்டியை விட்டு இறக்கி, டைம் கீப்பர் ரூம்ல ஈ ஓட்ட வெப்பான். இருபது வருஷமா ஸ்டீரிங் பிடிச்ச கை. அதை என்ன பண்ணச் சொல்ற?”

“நம்பரே வேணாம். கையைத் தூக்கு.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் சுவர் பக்கம் திரும்பவில்லை. பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து, இரண்டு கையாலும் அவனைச் சுற்றிப் பிடித்தாள். முனை முடிச்சைத் தொடவில்லை. ஒரு விரல் குறைந்தது.

தம்பி குனிந்து பார்த்துச் சிரித்தான். “எவனோ குண்டனை அளந்து முடிச்சுப் போட்டு வெச்சிருக்க போல. யாரு அது, மெக்கானிக்கா?”

“ஒல்லியோடது.”

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது. ஆணியிலிருந்த பேன்ட்டின் கால் முன்னே வந்தது, பின்னே போனது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“எப்ப எடுத்த?”

“மல்லாந்து கிடந்தப்ப.”

அவன் எழுந்து, தானாகவே கைகளைத் தூக்கினான். “மூச்சை விட்டுடறேன். ஒழுங்கா அள.”

மூச்சை விட்டான். அந்த மூச்சு திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் பென்சிலை எடுத்தாள். நாற்பத்தொன்று.

சர்க்கரை வந்தது, ரத்தக் கொதிப்பு வந்தது, ஸ்கேனில் ஈரலெல்லாம் கொழுப்பு என்று வந்தது. அவன் பயந்தபடியே வண்டியை விட்டு இறக்கி, டைம் கீப்பர் அறையில் உட்காரவைத்தார்கள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் மாத்திரை போடுகிறான், விடிந்ததும் நடக்கிறான் என்று தம்பி பெண்டாட்டி வந்து சொன்னாள். மாதம் முதல் தேதி வாசலில் வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேசாமல் கைகளைத் தூக்குவான். அவளும் பேசாமல் நாடாவைச் சுற்றுவாள். நாலாம் மாதம் முனை முடிச்சைத் தொட்டது. ஆறாம் மாதம் இரண்டு விரல் தாண்டியது. அன்றைக்குத்தான் அவன் வாய் திறந்தான்.

“எவ்வளவு?”

அவள் பதில் சொல்வதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் முந்திக்கொண்டது, எப்போதும் போல உற்சாகமாக. முப்பத்திநாலு தங்கச்சி, எழுதிக்கோ.

“இல்லண்ணே,” என்றாள் அவள், சுவரைப் பார்த்து. “முப்பத்தெட்டரை.”

தம்பி அவளைப் பார்த்தான், ஆணியைப் பார்த்தான். யாரிடம் சொன்னாய் என்று கேட்கவில்லை.