அம்புக்குறி இல்லாத துண்டு

‘ஐஸ்காரி’ என்ற பேர் முதன்முதலில் காதில் விழுந்தது அவளுடைய பெரிய அத்தை வாயிலிருந்துதான். அப்பாவுக்கு நேர் மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம். “ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் படிச்சு முடிச்சு வேலைக்குப் போகுது. நம்ம வீட்டு ஐஸ்காரி முப்பது வயசுலயும் ஐஸை அறுத்துக்கிட்டு நிக்கிறா!”

அத்தை சொன்னதில் பொய் இல்லை. பல்லாயிரம் வருஷத்துப் பனிப்பாளத்தைத் துளைத்து எடுத்த ஐஸ் உருளைகளை, உறைகிற குளிர் அறையில் நின்று அறுப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. அதனால் ஒவ்வொரு துண்டிலும் மேல் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். சோதனைக்கு முன் துண்டின் அழுக்கான வெளித்தோலைச் சீவினால் குறியும் போய்விடும். சீவிய கையோடு திரும்பப் போட்டாக வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவும் கேலி செய்வார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். “பழைய ஐஸ்தானே வேணும்? நம்ம பிரிட்ஜுல பத்து வருஷத்து ஐஸ் கெடக்கு, வந்து படி!”

பல ஆயிரம் வருஷத்துக்கு முன் பனிப்பாளம் கரையத் தொடங்கிய காலம் முழுவதும் ஒரே துண்டில் இருந்தது. ஆராய்ச்சியின் ஐந்தாம் வருஷம் அதை அவள் சீவி முடித்த நேரம், போன் வந்திருக்கிறது என்று கதவைத் தட்டினார்கள். போனில் அண்ணன்: “அப்பாவுக்கு மூச்சுத் திணறுது. உடனே கெளம்பு.” துண்டை உறையில் போட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு இருந்தது. “அப்படியே போட்டுட்டு வந்துட்டியா? ஐஸ் கரையாதா?”

“பத்திரமா வச்சிருக்கேன்ப்பா.”

அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து உறையைப் பிரித்தாள். குறி இல்லை. இரண்டு முனையும் ரம்பம் பட்டு ஒன்றுபோல் இருந்தன. சூடு முதலில் ஏறியதா, பனி முதலில் மெலிந்ததா என்ற அவள் கேள்விக்குப் பதில், எந்த முனை மேலே என்பதில்தான் இருந்தது.

“ஒரு கோடு போட எவ்வளவு நேரமாகும்?” என்றான் அண்ணன்.

“மூணு செகண்ட்.”

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ரெண்டுல ஒண்ணுதானேம்மா. தோணுறதப் போடு. யாரு வந்து கேக்கப் போறா?”

“பத்திரமா இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னதே பொய்யாப் போச்சு சார். இன்னொண்ணு வேணாம்.”

‘மேல் பக்கம் தெரியவில்லை’ என்று ஆய்வுப் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினாள். அந்த ஆழத்து ஐஸ் வேறு கிடையாது. பட்டம் வரவில்லை. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.

இப்போது அவள் அதே குளிர் அறையில், மற்ற மாணவர்களுக்கு ஐஸ் அறுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள்.