பரமலிங்கத்தாரின் போத்தல்

ஊரை விட்டு ஓடுகிறவன் எதை எடுப்பான்? காணி உறுதி, நகை, பங்கீட்டுக் கூப்பன் காட், அடுத்த நேரத்துக்கு அரிசி. 1990 ஆனி மாதம் காங்கேசன்துறையில் ஷெல் விழத் தொடங்கியபோது பரமலிங்கத்தார் சைக்கிள் கரியரில் ஒரு கண்ணாடி மீன் தொட்டியைக் கட்டினார். ஹான்டிலில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் தொங்கியது. அதற்குள் நாடாபோல் நீண்ட இலைகளோடு ஒரு நீர்ச்செடி. மனைவி மீனாம்பிகையின் தையல் மெசின் அந்தக் கரியரில் வசதியாக ஏறியிருக்கும். "அதை நாளைக்கு வந்து எடுப்பம்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மனிதர் விசரர் அல்லர். சீமெந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவர். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வாயு போகும், எவ்வளவு சுண்ணாம்பு மிஞ்சும் என்று அளந்தே தலை நரைத்தவர். மீன் தொட்டியில்தான் அவர் இன்னும் அரிவரி வகுப்பு. இன்னொரு பதவியும் இருந்தது: ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். கள்ளுத் தவறணை இருக்கும் ஒழுங்கையால் போகாமல் அரை மைல் சுற்றிப் போகிற ஆள்.

நெல்லியடியில் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு அறை கொடுத்தார். மீனாம்பிகை ஊசியும் நூலுமாக யன்னலோரம் இருந்து கையால் தைத்துக் கொடுத்தாள். மெசினைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு சொல் இல்லை. தொட்டியைத் துடைக்கும்போது மட்டும் "உங்கடை செடி வாடுது" என்பாள். எப்போதும் 'உங்கடை' தான். அவள் வாய் விட்டு ஏசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் செடி செத்தால், மெசினை விட்டுவிட்டு வந்ததற்குக் காட்ட அவரிடம் ஒன்றுமே மிஞ்சாது.

தொண்ணூற்றிரண்டு மாசியில் இலைகள் மஞ்சளாகிக் கரையத் தொடங்கின. பழைய சஞ்சிகை ஒன்றில் வழி இருந்தது. வெளிச்சம் மட்டும் செடிக்குப் போதாது, காபனீரொட்சைட்டும் வேண்டும். போத்தலில் சீனிக் கரைசலோடு மதுவம், அதாவது ஈஸ்ட், கலந்து வைத்தால் அது புளித்து வாயு வரும். அதைக் குழாயால் தொட்டிக்குள் விடலாம். படிக்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் பொருளாதாரத் தடைக் காலம். சீனியைக் கையில் வைத்து நக்கித்தான் தேத்தண்ணி குடித்தார்கள். மதுவம் தேடிப் பாண் போறணைக்குப் போனார். போறணைக்காரர் தம்பிராசா சிரித்தார்.

"மதுவத்தைக் கண்டு எத்தினை மாதம் அண்ணை! நாங்கள் பாணுக்கே கள்ளுத்தான் விடுறம்."

அன்றோடு பரமலிங்கத்தார் பாண் தின்பதை நிறுத்தினார்.

ஆனால் மூளை சும்மா இருக்குமா? கருப்பணியும் கள்ளு இறங்கும் அதே பனையில் இறங்குவதுதானே, இனிப்பானது, வெறிக்காது, சங்கத்துக்கும் விரோதமில்லை. பனையேறிக் கள்ளுச் சீவும் சீவரத்தினத்திடம் ஒரு போத்தல் கருப்பணி வாங்கினார். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட சேலைன் குழாயைக் கழுவித் தக்கையில் செருகி, சைக்கிள் சொலூசனால் ஓட்டையை அடைத்தார். குழாயின் மறுமுனையைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த கிளாசின் கீழே விட்டார். வாயு அதற்குள் தங்கி மெல்லக் கரையட்டும் என்பது அவர் கணக்கு.

மூன்று நாள் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. தக்கையை மாற்றினார், போத்தலை வெயிலில் வைத்தார், புதிதாக இன்னொரு போத்தல் கருப்பணி விட்டார். ஐந்து இலை மூன்றாகியது. அவருக்கு அழுகை வரப் பார்த்தது.

"என்னப்பா செய்யிறியள்?" என்று விளக்குமாறோடு வந்து நின்றாள் மீனாம்பிகை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கருப்பணியோ! முட்டியிலை சுண்ணாம்பு பூசியெல்லோ உதை இறக்கிறவை. புளிக்கப்படாது எண்டுதானே சுண்ணாம்பு. புளிக்காட்டில் உங்கடை வாயு எங்காலை வரும்?"

இருபத்தாறு வருடம் சுண்ணாம்பு அளந்தவருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மீனாம்பிகை ஒரு செம்பை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் ஒழுங்கையால் நடந்தாள். திரும்பி வரும்போது செம்பு நுரைத்துக்கொண்டிருந்தது. போத்தலில் கிடந்த கருப்பணியைக் கொட்டிவிட்டுக் கள்ளை முக்கால்வாசிக்கு அவளே ஊற்றினாள். அரை மணித்தியாலத்தில் குழாயிலிருந்து ஒரு குமிழி, பிறகு இன்னொன்று.

"ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றார் அவர், குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பத்துக்கு எண்டு சொல்லித்தான் வாங்கினனான்."

"அதை நம்புவினமே?"

"ஏன் நம்பாயினம்? கலியாணம் கட்டின நாள் துடக்கம் நான் அப்பத்துக்குத்தானே வாங்கிறனான்."

பரமலிங்கத்தார் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பாலப்பம். பஞ்சு மாதிரி என்று புகழ்ந்து புகழ்ந்து எட்டுத் தின்றிருக்கிறார்.

"சங்கக் கூட்டத்துக்குச் சுட்ட அப்பத்துக்குமோ?"

"கூட்டத்துக்கெண்டால் ஒரு சிரட்டை கூட."

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"மீனா, நான் மெசினை எடுத்திருக்கோணும்."

"ஓம். எடுத்திருக்கோணும்" என்றாள் அவள். அவ்வளவுதான். அவர் எதிர்பார்த்திருந்த ஏச்சு அதுதான் போலும்; நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அடுத்த கிழமை கள்ளு வாங்கச் செம்போடு அவரே போனார், நெல்லியடியிலும் வழக்கமாகிவிட்ட சுற்றுப் பாதையால் அல்ல, நேரே தவறணை ஒழுங்கையால். "அப்பத்துக்கோ ஐயா?" என்று கேட்டார் சீவரத்தினம். பரமலிங்கத்தாருக்குப் பொய் வராது. "இல்லை, செடிக்கு" என்றார்.

"எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லித்தான் ஐயா வாங்கிறவை" என்று சீவரத்தினம் செம்பை நிரப்பினார்.

சித்திரை வருசத்துக்கு முதல் நாள் காலை அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். யன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த மீனாம்பிகை கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஓடியாங்கோ. எங்கடை செடி குருத்து விட்டிருக்கு."